மஞ்சள் முற்றம்: ஓர் ஆயுள் நூல், ஒரு கையெழுத்து, சில வாத்துகள்

சீன எழுத்துக்கலை கற்கிறவர்கள், சிறிய எழுத்தில் கை பழகும் கட்டத்தில் தவறாமல் பார்த்து எழுதும் பிரதி ஒன்று உண்டு. 60 வரி, சுமார் 1,200 எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கடைசி வரியில் ஒரு தேதியும் ஊரும்: யோங்ஹெ 12-ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம், 24-ஆம் நாள், ஷான்யின். நம் கணக்கில் கி.பி. 356. ஊர், இன்றைய ஷாவோஷிங். எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை. ஆனாலும் சீனாவில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும்: வாங் ஷிஜி எழுதியது. சீன எழுத்துக்கலையின் முடிசூடா மன்னர் என்று 1,600 வருஷமாகக் கொண்டாடப்படுகிறவர்.

அந்தப் பிரதியில் எழுதியிருக்கும் நூலின் பெயர் ஹுவாங்டிங் ஜிங். எழுத்தின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களில் பலர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாவோ மதத்தை ஆராய்கிறவர்கள் நூலைப் பிரித்து மேய்கிறார்கள், கையெழுத்தை ஒரு அடிக்குறிப்போடு விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கதை சுவாரசியமாகிறது. நான் எழுத்துரு சம்பந்தப்பட்ட ஒரு புராஜெக்ட் வழியாக இதற்குள் வந்து மாட்டிக்கொண்டவன். சீனம் சரளமாக வராது. அகராதியையும் மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தடவிப் படிக்கிற ஆள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹுவாங் என்றால் மஞ்சள். டிங் என்றால் முற்றம், நம் பழைய வீடுகளில் நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்குமே, அதேதான். ஜிங் என்றால் மறைநூல். ஐந்து பூதங்களைத் திசைகளோடும் நிறங்களோடும் பொருத்தும் சீனக் கணக்கில், மஞ்சள் மண்ணின் நிறம். மண்ணின் இடம் நடு. ஆக ‘மஞ்சள் முற்றம்’ என்பது நடுவிலும் நடு, ஒன்றும் வைக்காமல் காலியாக விட்ட இடம். உடம்பில் அது எங்கே இருக்கிறது? உரையாசிரியர்களிடையே இதில் ஒற்றுமை இல்லை. டாங் காலத்தில் உரை எழுதிய லியாங்சியூஜி, ஒன்றல்ல மூன்று என்கிறார்: மூளையின் நடு, இதயத்தின் நடு, மண்ணீரலின் நடு. முற்றம் காலியாக இருப்பதுதான் முக்கியம், விலாசம் இரண்டாம்பட்சம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நூல் முழுவதும் செய்யுள். வரிக்கு ஏழு எழுத்து, ஏழு அசை. மனப்பாடம் செய்து ஓதுவதற்காகவே கட்டப்பட்டது. வாங் ஷிஜியின் பெயரில் இருக்கும் பிரதி எடுத்த எடுப்பிலேயே திசை காட்டுகிறது. மேலே என்ன, கீழே என்ன, பின்னால் என்ன, முன்னால் என்ன என்று உடம்புக்குள்ளே ஒரு வரைபடம். பிறகு அந்த வரைபடத்துக்குள் மூச்சு எப்படி இறங்குகிறது, வாயில் ஊறும் நீரை எப்படி விழுங்கி அடியில் இருக்கும் வேருக்குப் பாய்ச்சுவது என்று போகிறது. வாய்க்கு ‘மரகதக் குளம்’ என்று பெயர். நாக்கு ஒரு வேர். உலகத்தார் தானியமும் ஐந்து சுவையும் தின்கிறார்கள், பயிற்சி செய்கிறவன் மட்டும் மூச்சைத் தின்கிறான் என்ற கருத்தும் உண்டு. காமத்தை அடக்கி விந்தைச் சேமிப்பது, மனத்தைச் சும்மா இருக்க விடுவது இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. யாங்ஷெங், அதாவது ‘உயிரை ஊட்டி வளர்ப்பது’ என்று சீனர்கள் சொல்லும் பெரிய துறையின் பழைய பாடநூல்களில் இது ஒன்று.

இந்த நூலுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. நான் மேலே சொன்னது ‘வெளிக்காட்சி’. அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமான ‘உள்காட்சி’ ஒன்றும் இருக்கிறது, 36 பகுதிகளாக. கற்பனை கட்டவிழ்ந்து ஓடுவது அதில்தான். உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தெய்வம், அந்தத் தெய்வத்துக்கு இயற்பெயர் ஒன்று, மரியாதைப் பெயர் ஒன்று. மண்ணீரலின் தெய்வத்துக்கு ‘எப்போதும் இருப்பவர்’ என்று பெயர். கல்லீரலில் இருப்பவர் ‘டிராகன் புகை’. காதில் குடியிருப்பவர் ‘காலியான ஓய்வு’. பல்லுக்கும் தலைமுடிக்கும்கூட ஆள் உண்டு. பயிற்சி என்பது கண்ணை மூடி, இவர்களை ஒவ்வொருவராக, உடுத்திய பட்டின் நிறம் வரை உள்ளே பார்ப்பது. தெய்வம் வீட்டில் இருக்கும்வரை உறுப்பு நன்றாக இருக்கும், கவனிக்காமல் விட்டால் அவர் கிளம்பிவிடுவார் என்பது அடிப்படை. சர்வரில் ஓடும் ஒவ்வொரு சேவைக்கும் பெயர் வைத்து, தினமும் ஒருமுறை ‘உயிரோடு இருக்கியா’ என்று கேட்கிற எங்கள் தொழில்காரர்களுக்கு இது கொஞ்சமும் அந்நியமாக இருக்காது.

மூளையின் தெய்வத்துக்கு மரியாதைப் பெயர் நீவான். எழுத்தின் பொருளைப் பார்த்தால் ‘களிமண் உருண்டை’. மூளைக்கு ஏன் களிமண் உருண்டை? தாவோ உடற்பயிற்சிகளை மேற்குலகில் முதன்முதலாகப் பொறுப்பாக ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆன்றி மாஸ்பெரோ, இது ‘நிர்வாணம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்று கருதினார். பழைய பௌத்த மொழிபெயர்ப்புகளில் நிர்வாணத்தை ‘நீஹுவான்’ என்று எழுதினார்கள், முதல் எழுத்து இரண்டிலும் ஒன்றே. எனக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் வந்தது என்பதால் தத்துவமும் கூடவே வந்தது என்று தாவக்கூடாது. மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு தெய்வத்துக்கும் புத்தர் சொன்ன நிர்வாணத்துக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. ‘எல்லாம் இங்கேருந்துதான் போச்சு’ வகைப் பதிவுகளுக்கு இதை யாரும் தீனியாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்தப் பதிப்பு முதலில்? பெரும்பாலான ஆய்வாளர்கள் வெளிக்காட்சியே மூத்தது என்கிறார்கள். 1975-இல் இந்த நூலுக்குச் சொல்லடைவு தயாரித்த கிறிஸ்டோஃபர் ஷிப்பர் போன்றவர்கள் கட்டிய வாதம் அது. கி.பி. 165-இல் லாவோசியின் பிறந்த ஊரில் ஹான் பேரரசர் வைத்த கல்வெட்டு ஒன்றில், மஞ்சள் முற்றத்தில் ஏறி இறங்குவது பற்றிய பேச்சு வருகிறது. அதாவது அந்தக் கருத்து இரண்டாம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்திருக்கிறது. கி.பி. 317-ஐ ஒட்டி கெ ஹோங் எழுதிய பாவ்புஸி நூலில் தாவோ நூல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஹுவாங்டிங் ஜிங் என்ற பெயர் நேரடியாகவே வருகிறது. இந்த இரண்டு தகவலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்காட்சியின் கதை வேறு. கி.பி. 364-இலிருந்து சில வருஷங்களுக்கு, நான்ஜிங்குக்குப் பக்கத்தில் மாவோ ஷான் மலைப் பகுதியில், யாங் ஷி என்ற இளைஞரிடம் இரவு நேரங்களில் தேவர்கள் வந்து நூல்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார் என்பது மரபு. அப்படி வந்தவர்களில் முக்கியமானவர் வெய் ஹுவாசுன். அவர் உண்மையில் வாழ்ந்த பெண்மணி. 252-இல் பிறந்து 334-இல் காலமானவர், தாவோ சமூகத்தில் பூசாரிப் பொறுப்பில் இருந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். இறந்து முப்பது வருஷம் கழித்துத் தேவதையாக வந்து பாடம் சொன்னார். யாங் ஷியை வைத்துப் போஷித்தது ஷு என்ற குடும்பம்.

இப்போது எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த மனிதர் வருகிறார்: தாவ் ஹோங்ஜிங், 456-இலிருந்து 536 வரை. மருத்துவர், மூலிகை நிபுணர், மாவோ ஷானில் ஒதுங்கி வாழ்ந்த தாவோ துறவி. யாங் ஷி எழுதிய தாள்கள் அதற்குள் நூறு வருஷம் பழையதாகி, பல கைகளுக்குப் போய், நகலும் போலியும் கலந்து கிடந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்துத் தொகுத்தவர் அவர். எது தேவவாக்கு, எது எவனோ காசுக்காக எழுதியது என்பதை எப்படிப் பிரித்தார் தெரியுமா? கையெழுத்தை வைத்து. யாங் ஷியின் கோடு எப்படி வளையும், ஷு குடும்பத்து அப்பா எழுத்து எப்படி, மகன் எழுத்து எப்படி என்று கற்றுக்கொண்டு, தாள் தாளாகச் சரிபார்த்து, யார் கையில் எழுதியது என்று குறித்துவைத்தார். யாங் ஷியின் எழுத்து வாங் ஷிஜிக்கும் அவர் மகனுக்கும் சமமானது, சமூக அந்தஸ்து இல்லாததால் பெயர் வரவில்லை என்று வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறார். நூலின் புனிதமே கையெழுத்தின் நம்பகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தாவோ மதத்தையும் எழுத்துக்கலையையும் நாம்தான் இரண்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். அவருக்கு அது ஒரே அலமாரி.

இந்த மனிதரிடம்தான் லியாங் பேரரசர் வூ தன் சேகரிப்பில் இருந்த வாங் ஷிஜி எழுத்துகள் அசலா என்று கருத்துக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். பதில் கடிதம் ஒன்றில் தாவ் ஹோங்ஜிங், வாங் ஷிஜியின் பேர்போன எழுத்துகள் சிலவற்றை வரிசையாகச் சொல்கிறார். முதல் பெயரே ‘ஹுவாங்டிங்’. கூடவே, இதெல்லாம் இன்னும் எங்கேயாவது இருக்கிறதோ என்று கேட்கிறார். ஆக, ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு பிரதி பற்றிய பேச்சு இருந்தது. பிரதியைக் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, டாங் அரசவையில் சூ சுய்லியாங் தயாரித்த பட்டியலில் அது இரண்டாவது உருப்படியாக வந்து உட்கார்ந்திருக்கிறது: 60 வரி, ஷான்யின் தாவோ துறவிக்குக் கொடுத்தது. நடுவில் எங்கிருந்து வந்தது? இந்த இடைவெளிதான் முழுச் சிக்கலும்.

இனி வாத்துக் கதை. வாங் ஷிஜிக்கு வாத்து என்றால் உயிர். ஷான்யினில் ஒரு தாவோ துறவி அழகான வாத்துகள் வளர்த்தார். இவர் விலைக்குக் கேட்டார். ‘எனக்கு ஒரு நூலை எழுதிக் கொடுங்கள், மந்தையையே ஓட்டிக்கொண்டு போங்கள்’ என்றார் துறவி. இவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்து, வாத்துகளைக் கூண்டில் அடைத்து சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். ஜின் வம்ச வரலாற்று நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது. ஆனால் அங்கே எழுதிக் கொடுத்த நூல் தாவோ தே ஜிங். பிறகு கவிஞர் லி பாய் ஒரு பிரிவுக் கவிதையில் ‘ஹுவாங்டிங் கொடுத்து வெள்ளை வாத்து வாங்கியது’ பற்றிப் பாடினார். கவிதை ஊரெங்கும் பரவியது, நூல் மாறிவிட்டது. சோங் காலத்து எழுத்துக்கலைஞர் மி ஃபூ இதைப் பார்த்துச் சிரிப்பாகச் சிரித்திருக்கிறார்: ஒரு கவிஞர் சொன்னார் என்பதற்காக ஊரே இதை ‘வாத்து வாங்கிய நூல்’ ஆக்கிவிட்டதே என்று. மி ஃபூவின் கிண்டல் எனக்குப் பிடிக்கும் என்றாலும், ஒன்றைக் கவனிக்க வேண்டும். லி பாய்க்கு முன்னாலேயே சூ சுய்லியாங் பட்டியலில் ‘ஷான்யின் தாவோ துறவிக்கு’ என்று இருக்கிறது. அதனால் பழியை முழுக்க லி பாய் தலையில் போட முடியாது.

மி ஃபூவுக்கு அடுத்த தலைமுறையில் ஹுவாங் போஸி (1079–1118) இன்னும் கூர்மையான ஒரு வாதத்தோடு வந்தார். ஹுவாங்டிங் ஜிங் வெய் ஹுவாசுன் வழியாக யாங் ஷிக்கு வந்தது 364-இல். வாங் ஷிஜி இறந்தது 361-இல். மூன்று வருஷம் கழித்து உலகத்துக்கு வந்த நூலைச் செத்தவர் எப்படி எழுதியிருப்பார்? கதை முடிந்தது.

கேட்கும்போது கச்சிதமாக இருக்கிறது. ஆனால் 364-இல் வந்ததாகச் சொல்லப்படுவது உள்காட்சி. 60 வரிப் பிரதியில் இருப்பது வெளிக்காட்சி. அது 317-ஐ ஒட்டியே கெ ஹோங் கையில் இருந்த பெயர், கருத்தோ 165-ஆம் ஆண்டுக் கல்லிலேயே உண்டு. 356-இல் வாங் ஷிஜி அதை எழுதுவதில் காலக் குழப்பம் எதுவும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்தால் இதுதான் நடக்கும். ஹுவாங் போஸியின் தேதிகள் சரி, ஃபைல் தப்பு.

இதனால் வாங் ஷிஜிதான் எழுதினார் என்று நிரூபணம் ஆகிவிடாது. எழுதியிருக்க முடியும் என்பது மட்டும்தான். சூழ்நிலைச் சாட்சி அவர் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. அவர் குடும்பமே தலைமுறை தலைமுறையாக தாவோ நெறியில் இருந்தது. 355-இல் பெற்றோர் சமாதிமுன் சத்தியம் செய்து அரசாங்க வேலையை உதறிவிட்டு ஷான்யின் பக்கமே தங்கிவிட்டார். பிறகு ஷு மாய் என்ற தாவோ நண்பரோடு சேர்ந்து மலைகளில் மருந்து தேடி அலைந்தார். இந்த ஷு மாய் யார்? யாங் ஷியை ஆதரித்த அதே ஷு குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரதியில் இருக்கும் தேதி, அவர் வேலையை விட்டதற்கு மறு வருஷம். எல்லாம் பொருந்துகிறது. பொருந்துகிற மாதிரி யாராவது ஒரு போலியைச் செய்ய நினைத்திருந்தாலும் இதே தேதியைத்தான் போட்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் மருந்து தேடியது பொழுதுபோக்குக்காக இல்லை. எஞ்சியிருக்கும் கடிதங்களில் வாங் ஷிஜி ஒரு தீராத நோயாளி. தூக்கமில்லை, வயிற்றில் வலி, சாப்பாடு இறங்கவில்லை, உங்களுக்கு எப்படி இருக்கிறது, இதையே மாற்றி மாற்றி எழுதுகிறார். அந்தக் கால மேட்டுக்குடியினர் விரும்பி உட்கொண்ட ஐந்து தாதுக்களின் பொடி ஒன்று இருந்தது. உடம்பைச் சூடாக்கும், பலரைக் கொன்றும் இருக்கிறது. அந்தப் பழக்கம் அவரையும் விடவில்லை. நீண்ட ஆயுளுக்கான நூலை எழுதியதாகச் சொல்லப்படுகிறவர், பொதுவாக ஏற்கப்பட்ட கணக்குப்படி, அறுபதைத் தொடவில்லை. மகன் வாங் நிங்ஜியின் முடிவு இன்னும் மோசம். 399-இல் சுன் என் கலகக்காரர்கள் ஷான்யினைத் தாக்க வந்தபோது அவர் அந்தப் பகுதியின் ஆளுநர். கோட்டையைப் பலப்படுத்தாமல் பூஜை அறையில் பிரார்த்தனை செய்துவிட்டு, தேவ சேனை வரப்போகிறது, கவலை வேண்டாம் என்று சொன்னார். கலகக்காரர்கள் உள்ளே வந்து அவரைக் கொன்றுபோட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ‘சீன ஞானிகளின் 2,000 வருஷ ரகசியம்’, காலையில் உமிழ்நீரை இத்தனை தடவை விழுங்கினால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம். எங்கள் சித்தப்பா ஒருவர் நிஜமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் கழித்து சித்தி கண்டுபிடித்து, வீடு இரண்டுபட்டு, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வீடியோவின் மூலம் எதுவாக இருக்கும் என்று நான் தேடியதில் பாதி வழி இந்த நூலுக்குத்தான் வந்தது. நூல் நோய் தீரும், ஆயுள் நீளும், இன்னும் மேலேயும் போகலாம் என்றெல்லாம் சொல்லத்தான் செய்கிறது. அதற்கு அது கேட்கும் விலையையும் சொல்கிறது: தனி அறை, சுத்தம், பிரம்மச்சரியம், 10,000 முறை ஓதுதல். வீடியோக்காரர் விலையை வெட்டிவிட்டுப் பலனை மட்டும் ஃபார்வர்ட் செய்திருந்தார்.

இந்தக் கவலை புதிதல்ல என்பதைப் பிறகுதான் கண்டேன். சோங் காலத்து அரசியல்வாதி, வரலாற்றாசிரியர், கல்வெட்டுப் பைத்தியம் ஓயாங் ஷியூ (1007–1072) இந்த ஹுவாங்டிங் ஜிங்கைப் பிழைதிருத்திப் பதிப்பித்திருக்கிறார். முன்னுரையில் தனக்கு வைத்துக்கொண்ட பெயரே ‘தேவர் இல்லை என்பவன்’ என்ற பொருளில். வழி என்று ஒன்று உண்டு, சாகாத தேவர்கள் என்று யாரும் கிடையாது என்பது அவர் கட்சி. அவர் தரும் உதாரணம் அருமை. வெள்ளத்தை அடக்க நாடு முழுக்க அலைந்து உடம்பைத் தேய்த்த யூ மன்னர் நூறு வயது இருந்தார். கன்ஃபூசியஸின் சீடர் யான் ஹுய் ஒரு சந்தில், ஒருவாய்ச் சோற்றோடு, எந்த ஆசையும் இல்லாமல் அமைதியாக வாழ்ந்து முப்பதைத் தாண்டவில்லை. ஆக ஆயுள் நம் கையில் இல்லை. இருந்தாலும் கல்லையும் தாதுவையும் விழுங்குகிறவர்களைவிட, உள்ளே அடங்கி உட்கார்ந்து உடம்பைப் பேணுகிறவர்கள் மேல் என்று இந்த நூலுக்கு ஒரு இடம் கொடுக்கிறார்.

நம்பாத நூலை எதற்குத் திருத்த வேண்டும்? ஊரில் திரியும் பிரதிகள் கண்டபடி கெட்டுப்போயிருக்கின்றன, அதை நம்பிச் செய்கிறவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்பதால். எதை வைத்துத் திருத்தினார்? யோங்ஹெ 12 என்று தேதி போட்ட கல்லின் மைப்படியை வைத்து. எழுத்து அழகுக்காக யாரோ கல்லில் வெட்டியது, நூலைச் சரிபார்க்கும் மூலமாகிவிட்டது. 36 பகுதி உள்காட்சி பிற்கால விரிவாக்கம், கல்லில் இருப்பதே மூலம் என்று அவர் முடிவு செய்ததும் இப்படித்தான். இன்றைய ஆய்வாளர்கள் வேறு பாதையில் போய்ச் சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான்.

மைப்படி என்றதும் நம் கல்வெட்டு ஆர்வலர்களுக்குப் புரிந்திருக்கும். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். நம் கோயில் கல்வெட்டுகளுக்குச் செய்வதும் இதே வேலைதான். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. நம் கல்வெட்டில் கல்தான் அசல். அங்கே அசல் தாளிலோ பட்டிலோ இருந்தது. அதன்மேல் மெழுகேற்றிய தாளை வைத்து, எழுத்தின் விளிம்பை மயிரிழைக் கோட்டில் வரைந்து, நடுவில் மை நிரப்பி ஒரு நகல். அதைக் கல்லில் ஒட்டிச் செதுக்கினால் இரண்டாவது நகல். கல்லிலிருந்து மைப்படி எடுத்தால் மூன்றாவது. கல் தேய்ந்ததும் மைப்படியை வைத்து இன்னொரு கல். ஒரே படத்தை வாட்ஸாப்பில் பத்துத் தடவை அனுப்பிய கதைதான். வாங் ஷிஜி கையால் எழுதியது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரு தாள்கூட இன்று உலகில் இல்லை, ஹுவாங்டிங் மட்டுமல்ல, எதுவுமே. இருப்பதெல்லாம் நகலும் மைப்படியும்.

687-இல் சுன் குவோடிங் எழுதிய எழுத்துக்கலை நூலில், வாங் ஷிஜி ஒவ்வொரு நூலை எழுதும்போதும் ஒவ்வொரு மனநிலையில் இருந்தார், ஹுவாங்டிங் எழுதும்போது வெறுமையின் மகிழ்ச்சியில் திளைத்தார் என்று வருகிறது. மைப்படியில் அது தெரிகிறதா? நான் மானிட்டரில் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்திருக்கிறேன். தூரிகை அழுந்தி எழும் இடமெல்லாம் கல்லோடு போய்விட்டது. ஆனால் அமைப்பு தப்பியிருக்கிறது. செங்குத்து வரிசை நேராக இருக்கிறது, குறுக்கே வரிசை கிடையாது. ஒரு எழுத்து அகலமாக உட்காரும், அடுத்தது சின்னதாக ஒதுங்கும். கட்டம் போட்டு அடைத்த டாங் கால எழுத்தில் இந்தத் தளர்வு இல்லை. மேல், கீழ், முன், பின் என்று சொல்லிவிட்டு நடுவில் இடம் விடுகிற நூலுக்கு, இப்படி இடம்விட்டு எழுதிய கை பொருத்தம்தான். சுன் குவோடிங் அசலையோ நல்ல நகலையோ பார்த்திருக்கக்கூடும். அவர் சொன்ன மகிழ்ச்சியை நான் அவர் வார்த்தைக்காக ஏற்றுக்கொள்கிறேன்.

பின்னால் வந்தவர்கள் இதை எழுதி எழுதியே வளர்ந்தார்கள். யுவான் காலத்து ஜாவ் மெங்ஃபூ (1254–1322) எழுதியிருக்கிறார். மிங் காலத்தில் வென் ஜெங்மிங் (1470–1559), எண்பதைத் தாண்டியும் நுணுக்கி நுணுக்கிச் சிறு எழுத்து எழுதிக்கொண்டிருந்தவர். சிறு எழுத்து எழுதினால் ஆயுள் கூடும் என்று இவரை வைத்து ஒரு வீடியோ எடுக்கலாம். வாங் ஷிஜியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும்.

உள்காட்சிக்கும் ஒரு கையெழுத்து மரபு உண்டு, பட்டில் எழுதிய ஒரு சுருள். ஜாவ் மெங்ஃபூ அதன் பின்குறிப்பில் இது யாங் ஷியின் கை என்று எழுதினார். தோங் சிச்சாங் அதை நம்பி, 1603-இல் தான் கல்லில் வெட்டி வெளியிட்ட எழுத்துத் தொகுப்பின் முதல் இடத்தையே அதற்குக் கொடுத்தார். வாங் ஷிஜிக்கும் முன்னால்! மி ஃபூ அதே போன்ற ஒரு பட்டுச் சுருளைப் பார்த்துவிட்டு, ஆறு வம்சக் காலத்து எழுத்து என்பதோடு நிறுத்திக்கொண்டார், பெயர் சொல்லவில்லை. என் ஓட்டு மி ஃபூவுக்கு. யாங் ஷியின் கையைத் தாள் தாளாக அறிந்திருந்த ஒரே ஆள் தாவ் ஹோங்ஜிங். அவர் பார்த்த தாள்கள் எதுவும் நம்மிடம் இல்லாதபோது, 700 வருஷம் கழித்து ‘இது அவர் எழுத்து’ என்று சொல்ல ஒப்பிட எதை வைத்திருந்தார்கள்?

வெளிக்காட்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரே ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். பல சோங் மைப்படிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று கோட்டின் தடிமன் முதல் சில எழுத்துகள் வரை மாறும். ‘மனம் அமைதி’ என்று ஒரு பிரதியில் வருகிற இடத்தில், மற்ற பிரதிகளில் ‘அமைதியைப் பயில்’ என்று வரும். அந்த ஒரு எழுத்தால் அந்தப் பிரதிக்கே பெயர் வந்திருக்கிறது. அன்ஹுயி மாநிலத்தில் யிங்ஷாங் என்ற ஊர்க் கிணற்றிலிருந்து மிங் காலத்தில் ஒரு கல் கிடைத்தது. அதில் ஹுவாங்டிங்கும், வாங் ஷிஜியின் புகழ்பெற்ற ஆர்க்கிட் மண்டப முன்னுரையும் சேர்த்து வெட்டியிருந்தது. பிறகு கல் உடைந்தது. உடைவதற்கு முன் எடுத்த மைப்படிகளில் கோடு மெலிந்து, சற்று அசைந்தாற்போல் இருக்கும். மற்ற பிரதிகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வேறு ஆள் எழுதியதோ என்று தோன்றும். இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் நான்கு வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேல், கீழ், பின், முன் என்று வருகிற எழுத்துகள் எளிமையானவை, சீனம் தெரியாதவர்களுக்கும் அரைமணி நேரத்தில் அடையாளம் பிடிபட்டுவிடும்.